புயல் அடித்த ஊரில் போட்டோ பிடிக்கப் போனோம்

போட்டோ பிடிக்கத் தெரியாதவன் கையில் காமிராவைக் கொடுத்தால் அவன் முதலில் சூரியாஸ்தமனத்தைப் பிடிப்பான். சற்றுத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் இடிந்த வீட்டைத் தேடிக்கொண்டு போவான். 2007-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நாங்கள் பதினொரு பேரும் ‘சற்றுத் தெரிந்தவர்கள்’ என்னும் அந்த அபாயகரமான நிலைமையில் இருந்தோம். அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள ஒரு கலாசாலையில் போட்டோக் கலை வகுப்பு. எங்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் இருவர். வசந்த கால விடுமுறையில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு எங்களை அழைத்துப் போவதாக ஆசிரியர் அறிவித்தபோது வகுப்பிலே எழுந்த ஆரவாரத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாய்த்தான் இருக்கிறது. “புயல் அடித்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதே! இடிபாடுகளையெல்லாம் அப்புறப்படுத்தியிருப்பார்களோ?” என்று ஒரு நண்பன் கவலைப்பட்டான். அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். மற்றவர்கள் மனத்திற்குள்ளும் அதே கவலைதான்.

இரண்டு வாடகை வண்டிகளில் இரண்டு நாள் பிரயாணம். வழியெல்லாம் லென்ஸுகளைப் பற்றியே பேச்சு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஊருக்குள் புகுந்தபோது முதலில் கண்ணில் பட்டது ‘சூப்பர்டோம்’ என்னும் பிரம்மாண்டமான விளையாட்டு மண்டபம். 2005-ம் வருஷத்தில் போக்கிடமில்லாத ஆயிரக்கணக்கான ஜனங்கள், மேற்கூரை பிய்ந்து போன அந்த மண்டபத்துக்குள்ளே சோறும் தண்ணீரும் விளக்கும் சரியாக இல்லாமல் நாட்களைக் கழித்த காட்சியை உலகமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது. நாங்கள் போனபோது கூரை புதிதாகப் பளபளத்தது. 2006-ம் வருஷம் செப்டம்பரிலேயே அங்கே மறுபடியும் பந்தாட்டம் தொடங்கிவிட்டது. ஜனங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கூரை போடுவதைவிட விளையாட்டு மண்டபத்துக்குக் கூரை போடுவது எந்தத் தேசத்திலும் சுலபமான காரியமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் இரவு பிரெஞ்சுக்காரர் பேட்டைக்குப் போனோம். இரும்புக் கம்பி வேலைப்பாடு செய்த மாடி முகப்புகள், தெருவுக்குத் தெரு பித்தளை வாத்திய கோஷ்டி, சிரிப்பு, கூச்சல். இதென்ன, புயல் அடித்த ஊரா இது என்று மலைத்துப் போனோம். ஆற்றங்கரைச் சந்தை அருகே காப்பிக் கடையில் உட்கார்ந்து, சர்க்கரைப் பொடியில் புரட்டிய பணியாரம் போன்ற ஒரு பண்டத்தையும் காப்பியையும் வரவழைத்தோம். ஒரு வாய் குடித்ததும் தமிழர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிக்கரி! பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பழக்கமாம். உள்நாட்டு யுத்த காலத்தில் காப்பிக் கொட்டைக்குப் பஞ்சம் வந்தபோது நிலைத்துவிட்டதாம். பத்தாயிரம் மைலுக்கு அப்பால், சொந்த வீட்டு முற்றத்துக் காப்பியின் கசப்பு நாக்கில் பட்டால் மனிதனுக்கு அந்த ஊர்மேல் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் அந்த நகரம் வேடிக்கைப் பொருளாக இல்லாமல் போயிற்று என்று சொல்லலாம்.

அந்தப் பேட்டை மட்டும் ஏன் தப்பியது? 1718-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்கு இடம் பார்த்தபோது, மிசிசிப்பி ஆறு காலங்காலமாக வண்டல் கொட்டி உயர்த்திய கரைமேட்டைப் பொறுக்கியெடுத்தார்கள். மேட்டுக்குப் பின்னால் பொன்ட்சர்ட்ரெய்ன் ஏரி வரையில் சதுப்பு நிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்ட்வின் உட் என்னும் எஞ்சினீயர் ராட்சத பம்புகளை அமைத்துச் சதுப்பிலிருந்த ஜலத்தை இறைத்து வெளியேற்றினார். ஊர் ஏரிப் பக்கமாகப் பெருகியது. ஆனால் ஈரத்தை இழந்த சதுப்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பாலாடைபோல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. இன்று ஏறக்குறைய பாதி நகரம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஏரி, நடுவே சட்டி. சட்டியின் விளிம்பாகக் கரையும் சுவரும். மழை பெய்தால்கூடத் தண்ணீர் தானாக வெளியே ஓடாது, இறைத்துத்தான் ஆகவேண்டும்.

2005-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி காலையில் ‘கட்ரீனா’ என்று பெயரிடப்பட்ட சூறாவளி கரை கடந்தது. புயல் நகரத்தை நேராகத் தாக்கவில்லை. சற்றுக் கிழக்கே விலகியே போயிற்று. பிழைத்தோம் என்று பலர் மூச்சு விட்டார்கள். அப்போது கால்வாய்ச் சுவர்கள் உடைந்தன. பதினேழாவது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூக் கால்வாயிலும் ஜலம் சுவரின் தலைக்கு மேலே வழிந்து உடைக்கவில்லை. தலைக்குக் கீழே இருக்கும்போதே சுவர் அடிமண்ணோடு நகர்ந்து கொடுத்துவிட்டது. கிழக்கே தொழிற்சாலைக் கால்வாய்ச் சுவரும் சரிந்தது. நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கியது. அந்தப் புயலில் எல்லா இடங்களிலுமாக 1,300 பேருக்கு மேல் மாண்டார்கள். சுவர்களைக் கட்டியது சர்க்காரின் ராணுவ எஞ்சினீயர் படை. கட்டியதில் பிழை இருந்ததென்று அவர்களே 2006-ம் வருஷத்தில் ஒப்புக்கொண்டார்கள். வீடிழந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வெள்ளத் தடுப்பு வேலை சம்பந்தமாகச் சர்க்கார்மேல் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1928-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி, சர்க்காரைக் கண்டித்துக்கொண்டே நீதிபதி 2008-ம் வருஷத்தில் வழக்கைத் தள்ளிவிட்டார். ஆகையால் அந்த ஊர்க்காரர்களிடம் ‘புயலினால் வந்த கஷ்டம்’ என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. “புயல் எங்களை ஒன்றும் செய்யவில்லை, சுவர்தான் செய்தது” என்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறோம். 2004-ம் வருஷம் டிசம்பரில் ஆழிப் பேரலை நாகப்பட்டினத்தை வாரிக்கொண்டு போனபோது, அந்நிய சர்க்கார்களின் உதவி வேண்டாமென்று இந்தியா சொல்லிவிட்டது. அடுத்த செப்டம்பரில் அமெரிக்காவுக்கு 50 லட்சம் டாலரும், ஒரு விமானப் படை விமானம் நிறைய நிவாரணச் சாமான்களும் இந்தியா அனுப்பியது. அந்த விமானம் ஆர்க்கன்சாஸ் மாகாணத்தில் போய் இறங்கிற்று. எங்களோடு படித்த அமெரிக்க மாணவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. நாங்கள் இருவரும் சற்றுப் பெருமையோடுதான் சொன்னோம். “அப்படியா! அந்தச் சாமான் யாருக்குக் கிடைத்தது?” என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை தொழிற்சாலைக் கால்வாயின் பாலத்தைத் தாண்டிக் ‘கீழ் ஒன்பதாம் வட்டகை’ என்னும் பகுதிக்குப் போனோம். நீக்ரோவர் என்று முன்னாளில் அழைக்கப்பட்ட கறுப்பு ஜாதி ஏழைகள் பெரும்பாலோராய் வசித்த இடம். ஏழைகளானாலும் வாடகைக் குடிகளல்லர், பலர் சொந்த வீட்டுக்காரர்கள். சுவர் உடைந்த இடத்தில் பாய்ந்த வெள்ளம் ஒரு பெரிய சரக்குத் தோணியையே தூக்கி வீடுகளின்மேல் எறிந்திருக்கிறது. உடைப்புக்கு எதிரே தெருத் தெருவாய் வீடே கிடையாது. முழங்கால் உயரப் புல். புல்லுக்கு நடுவே மூன்று சிமெண்டுப் படிகள். படியேறினால் வெறும் ஆகாயம். வாசற்படி மட்டும் நின்றுவிட்டது, வீடு போய்விட்டது. அந்தப் படிகளை நாங்கள் பதினொரு பேரும் பிடித்தோம். பிற்பாடு கழுவிப் பார்த்தபோது படிகள் மட்டும் நூறு படத்துக்கு மேல் இருந்தன.

அந்தப் பகுதியில் சிலர் பலகைகள் நட்டிருந்தார்கள். எங்கள் துயரத்தைக் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வருகிறீர்களே, வெட்கமாயில்லையா என்பது அவற்றின் சாரம். ‘புயல் தரிசனம்’ காட்டுவதாகச் சீட்டு விற்றுச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிவரும் பெரிய பஸ்கள் பாலத்தைத் தாண்டக் கூடாதென்று நகரசபை தடை போட வேண்டியிருந்தது. எங்கள் வண்டி சிறியது. தடை எங்களைக் கட்டாது. ஆனாலும் அந்தப் பலகைகளின் முன்னால் யாருடைய காமிராவும் மேலே எழவில்லை.

ஆசிரியர் நல்ல மனிதர், அதைவிடத் தந்திரசாலி. “மத்தியானம் வரையில் காமிரா பெட்டிக்குள் இருக்கட்டும்” என்று சொல்லி, எங்கள் கையில் சுத்தியலும் கடப்பாரையும் கொடுத்துவிட்டார். ஊறிப்போன வீடுகளின் உட்சுவரைப் பெயர்த்து எலும்புக் கூடாக்கிக் கொடுக்கும் தொண்டு அங்கே நடந்து வந்தது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. வெள்ளம் வாரக் கணக்காக நின்ற மட்டம் அது. அதற்கு மேலே கூரை வரையில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சக்காளான். மெத்தை, பள்ளிப் புஸ்தகம், சமையலறைத் தட்டு எல்லாவற்றையும் மண்வெட்டியால் வாரித் தெருவில் கொட்டினோம். ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷம் தெருவோரத்தில் குவிந்து கிடப்பதைப் போட்டோ பிடிப்பது வேறு. தானே வாரிக் கொட்டுவது வேறு. இரண்டாம் நாள் மத்தியானம் காமிராவை எடுத்துக்கொள்ளலாம் என்றபோது எங்களில் மூவர் வேண்டாமென்று தூங்கப் போய்விட்டார்கள்.

வீட்டு முகப்புகளில் சாயத்தால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது. படகில் வந்து வீடு வீடாய்ச் சோதித்த மீட்புப் படையார் போட்ட குறி அது. இடப் பக்கத்தில் எந்தப் படை. மேலே எந்தத் தேதி. வலப் பக்கத்தில் உள்ளே என்ன அபாயம். கீழே எத்தனை பேர் அகப்பட்டார்கள், உயிரோடா பிணமாகவா என்ற கணக்கு. முதல் நாள் அந்தக் குறிகளை நல்ல சித்திரமாக எண்ணி ஓடி ஓடிப் பிடித்தோம். படிக்கத் தெரிந்த பிறகு கீழ்ப்பக்கத்து எண்ணைத்தான் கண் முதலில் தேடியது. பெரும்பாலும் பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டு அவ்வளவு ஆறுதல் அடைந்தது எங்கள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

‘பாட்ஸ் டாமினோ’ என்ற பிரசித்தி பெற்ற பாட்டுக்காரர் கோடி கோடியாய்ச் சம்பாதித்தும் இந்தப் பேட்டையை விட்டுப் போகாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். வெள்ளத்தில் அவர் இறந்துவிட்டாரென்று வதந்தி பரவி, யாரோ அவர் வீட்டுச் சுவரிலேயே சாயத்தால் அஞ்சலி எழுதிவிட்டார்கள். அவரோ படகில் ஏறிப் பிழைத்து, பன்னிரண்டு வருஷம் கழித்து 2017-ல்தான் காலமானார். சேற்றில் கிடந்த அவருடைய வெள்ளைப் பியானோவைச் செப்பனிட்டு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான்காம் நாள்தான் அந்த மூதாட்டியைச் சந்தித்தோம். எழுபது வயதிருக்கும். ஆற்றோரமாகச் சற்று மேடான தெரு. வீடு விழவில்லை, வாழவும் லாயக்கில்லை. வாசலில் சர்க்கார் கொடுத்த வெள்ளை வண்டி வீடு, அதில் குடித்தனம். அந்த ஊரில் பெரியவர்கள் முன்பின் அறியாதவரையும் ‘பேபி’ என்று கூப்பிடுவார்கள், நம்மூர்ப் பாட்டிமார் ‘கண்ணு’ என்பதுபோல. வீட்டைத் திரும்பக் கட்டச் சர்க்கார் பணம் தருகிறதாமே என்று கேட்டோம். சிரித்தாள். வீடு அவளுடைய மாமனார் கட்டியது. பிள்ளைகள் பேருக்குப் பத்திரம் மாற்றி எழுதவில்லை. பாத்தியதையை நிரூபித்தால்தான் பணம். பட்டா மாற்றாமல் மூன்று தலைமுறை அனுபவித்துவிட்டுத் தாலூகாக் கச்சேரி வாசலில் நிற்கும் நம் கிராமத்தாரின் கதைதான்! பத்திரம் இருந்தவர்களுக்கும் வேறொரு விபரீதம் காத்திருந்தது. வீடு கட்ட ஆகும் செலவு எவ்வளவு என்று பார்க்காமல், புயலுக்கு முன் வீடு என்ன விலை பெறும் என்று பார்த்து உதவித் தொகையைக் கணக்கிட்டார்கள். பணக்காரப் பேட்டையில் வீட்டுக்கு விலை அதிகம், ஏழைப் பேட்டையில் குறைவு. ஆணியும் பலகையும் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே விலை. இதன்மேல் வழக்கு நடந்து, 2011-ம் வருஷத்தில் 6 கோடியே 20 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

“நீங்கள் எல்லோரும் போட்டோ படிப்புப் படிக்கிற பிள்ளைகள்தானே?” என்று கேட்டு, மூதாட்டி உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். அதில் ஓர் ஆல்பம், தண்ணீரில் ஊறி உலர்ந்து செங்கல் மாதிரி. ஏடுகள் பிரிய மாட்டா. அதிலிருந்து தப்பியது ஒரே படம். அவளுடைய புருஷர், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், 1998-ல் இறந்து போனார். ஈஸ்டர் பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி தெளிவாய் இருந்தது. முழங்காலின்மேல் வைத்த கை, விரல் மோதிரம், மடியில் தொப்பி எல்லாம் தெளிவு. முகம் இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்து ஓடிய ஒரு கறை.

“இந்த முகத்தைத் திரும்ப வரவழைக்க முடியுமா, பேபி?”

நாங்கள் ஆசிரியரைப் பார்த்தோம். ஆசிரியர் தரையைப் பார்த்தார். கலர்ப் படத்தில் நிறமெல்லாம் ஜெலட்டின் என்னும் பசைத் தோலுக்குள் இருக்கிறது. தண்ணீரில் அதிக நாள் கிடந்தால் தோல் இளகி நிறம் கரைந்து ஓடிவிடும்; மிச்சத்தைப் பூஞ்சை தின்னும். நனைந்தவுடனே நல்ல தண்ணீரில் அலசி, ஒன்றோடொன்று ஒட்ட விடாமல் காய வைத்தால் காப்பாற்றலாம். உடனே முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் உறைய வைக்கலாம். அதே பேட்டையைச் சேர்ந்த கீத் கல்ஹூன், சாந்த்ரா மக்கார்மிக் என்ற போட்டோக்காரத் தம்பதிகள் தங்கள் ஆயுட்கால உழைப்பான பிலிம் சுருள்களில் வெள்ளத்தில் கெட்டவற்றைத் தூக்கியெறியாமல் அப்படி உறைய வைத்தார்கள். பிற்காலத்தில், கறை படிந்த அந்தப் படங்களையே அச்சிட்டுக் காட்சி வைத்தார்கள் என்று அறிந்தோம். ஆனால் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? கரைந்த முகம் கரைந்ததுதான். ஆசிரியர் அதை மெதுவாகச் சொன்னார்.

மூதாட்டி அழவில்லை. “அப்படியானால் இருக்கிறபடியே ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். கையாவது இருக்கிறதே. அதுவும் போவதற்கு முன்னால்” என்றாள்.

அந்த வண்டி வீட்டின் நிழலில் படத்தைப் பலகையில் சாய்த்து, வெள்ளைத் துணியால் வெளிச்சத்தைத் திருப்பி, பதினொரு பேரும் அதை மாறி மாறிப் பிடித்தோம். அந்த வாரம் முழுவதிலும் நாங்கள் அவ்வளவு சிரத்தையோடு வேறொன்றையும் பிடிக்கவில்லை.

பிறகு அவளை வீட்டு வாசலில் நிறுத்திப் பிடிக்க அனுமதி கேட்டோம். இடிந்த தாழ்வாரம், சுவரில் பெருக்கல் குறி, முன்னால் வயோதிக ஸ்திரீ; படம் மனத்திலே தயாராகிவிட்டது! “இந்த அலங்கோலத்தின் முன்னால் என்னை நிறுத்துவீர்களா? என் மாமியார் எழுந்து வந்து அடிப்பாள்” என்றாள். அரை மணி நேரம் எங்களைக் காக்க வைத்து, கோயிலுக்குப் போகும் நீல உடுப்பும் அகன்ற தொப்பியும் அணிந்து வந்தாள். வீட்டுக்கு முதுகு காட்ட மாட்டேன் என்று ஆற்றங்கரை மேட்டுக்கு நடந்தாள். பின்னால் புல்லும் வானமும் தவிர வேறொன்றும் தெரியாதபடி நின்றுகொண்டு, “இப்போது பிடியுங்கள்” என்றாள்.

ஊர் திரும்பியதும் கலாசாலை மண்டபத்தில் காட்சி வைத்தோம். வெள்ளம் நின்ற கோடு, வீடில்லாத படி, சேற்றில் கிடந்த பொம்மை எல்லாம் சுவரில் ஏறின. மூதாட்டியின் படம் ஏறவில்லை. புயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், எந்த ஊரிலும் எடுக்கக்கூடிய படமாயிற்றே என்று தேர்வு செய்தபோது விலக்கிவிட்டோம். விலக்கியவர்கள் வேறு யாருமல்ல, நாங்களேதான்.

பிரதிகளை அனுப்புவதாக வாக்களித்திருந்தோம். பரீட்சை வந்தது, கோடை விடுமுறை வந்தது. ‘அவன் அனுப்பியிருப்பான்’ என்று இவனும், ‘இவள் அனுப்பியிருப்பாள்’ என்று அவளுமாக மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஜூலையில் ஒரு பெரிய உறையில் இரண்டு படத்தையும் வைத்து அனுப்பினோம். மஞ்சள் சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது: விலாசத்தில் இல்லை, புது விலாசம் தெரியாது.

உறை எட்டு வருஷம் எங்களிடமே கிடந்தது. 2015-ம் வருஷம் ஆகஸ்டில், பத்தாவது ஆண்டு நினைவு தினத்துக்கு, எங்களில் தமிழர்களான இருவர் மட்டும் மீண்டும் போனோம். சுமார் 1,450 கோடி டாலர் செலவில் ஊரைச் சுற்றிப் புதுச் சுவரும் கதவுகளும் எழுப்பியிருந்தார்கள். (2021-ம் வருஷத்தில் அதே ஆகஸ்டு 29-ந் தேதி இன்னொரு பெரும் புயல் வந்தபோது அவை தாங்கின, மின்சாரம்தான் நகரமெங்கும் போயிற்று.) 2000-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி 4,84,674 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020-ம் வருஷக் கணக்கில் 3,83,997 பேர்தான். அந்தக் குறைவு எங்கே என்று காண வேண்டுமானால் பாலத்தைத் தாண்ட வேண்டும். உடைப்புக்கு எதிரே சினிமா நடிகர் பிராட் பிட்டின் தர்ம ஸ்தாபனம் கட்டிய வீடுகள், வர்ணம் வர்ணமாய், கோணம் கோணமாய், படம் பிடிப்பதற்கென்றே கட்டியவைபோல் நின்றன. ஒழுகுகிறது, உளுக்கிறது என்று குடியிருந்தவர்கள் 2018-ல் வழக்குப் போட்டார்கள். மற்றபடி புல் ஆள் உயரம்.

மூதாட்டியின் வீடு இருந்த மனையில் வீடு இல்லை. படி கூட இல்லை. புல்லை மட்டும் யாரோ ஒழுங்காக வெட்டியிருந்தார்கள்.

எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உறையைத் திறந்து காட்டினோம். நீல உடுப்புப் படத்தைப் பார்த்து, “அந்தத் தொப்பி!” என்று சிரித்தார். மற்றப் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வெகு நேரம் கையில் வைத்திருந்து, “மோதிரத்தைப் பார்த்தாலே தெரிகிறது” என்றார். அவள் ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். விலாசம் அவருக்குத் தெரியாது. ஆனால் நவம்பர் முதல் தேதி அந்த ஊரில் கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும் நாள். நடக்க முடிந்த வருஷமெல்லாம் அன்றைக்கு வந்துவிடுவாளாம். மனையில் புல்லை வெட்டி வைப்பதும் அதற்காக, தாம்தான் என்றார்.

“கொடுத்துவிட்டுப் போங்கள். வந்தால் கொடுக்கிறேன்.”

உறையை அவர் கையில் கொடுத்தோம். திண்ணையில் வைத்தால் நனைந்துவிடும் என்று சொல்லி, எழுந்து உள்ளே கொண்டுபோய், அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.